எனக்கு அழைப்பு இருக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெபக் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, செருப்பைத் தேடுவதுபோல் ஒருவர் மட்டும் தயங்கி நிற்பார். என்ன கேட்கப் போகிறார் என்பது பாதி நேரம் முன்பே தெரிந்துவிடும். அப்படி நின்றவர்கள் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே நீளத்தில் பதில் இல்லை. சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

அழைப்பு என்றால் முழுநேர ஊழியத்துக்குப் போவதுதானே?

நம் பேச்சுவழக்கில் அப்படித்தான் ஆகிவிட்டது. “அவனுக்கு அழைப்பு இருக்கு” என்றால், வேலையை விடப் போகிறான் என்று அர்த்தம். வேதம் அந்தச் சொல்லை இவ்வளவு குறுக்கவில்லை. சபை என்பதற்குப் புதிய ஏற்பாட்டில் வரும் கிரேக்கச் சொல் எக்ளேசியா. அழைத்தல் என்ற வினையிலிருந்து பிறந்த சொல் அது. ரோமாபுரியில் இருந்த விசுவாசிகளுக்கு எழுதும்போது பவுல் அவர்கள் எல்லோரையுமே அழைக்கப்பட்டவர்கள் என்கிறார். அவர்களில் அடிமைகளும் இருந்தார்கள், வீட்டுப் பெண்களும் இருந்தார்கள்.

இடைக்காலத்தில் இந்தச் சொல் குருக்களுக்கும் துறவிகளுக்கும் மட்டுமே உரியதுபோல் ஆனது. 16ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தர் அதை உடைத்தார். பால் கறப்பவளின் வேலையும் அழைப்புதான் என்ற பொருளில் அவர் புழங்கிய ‘பெரூஃப்’ என்ற சொல்லுக்கு இன்றைய ஜெர்மன் மொழியில் ‘தொழில்’ என்றுதான் பொருள். கத்தோலிக்கத் திருச்சபையும் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், 1964இல் வெளியான திருச்சபை பற்றிய ஏட்டில், தூய வாழ்வுக்கான அழைப்பு எல்லோருக்கும் உரியது என்பதற்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியது.

யாத்திராகமம் 31ஐத் திறந்து பாருங்கள். தேவ ஆவியால் நிரப்பப்பட்டவன் என்று அங்கே சொல்லப்படும் பெசலெயேல் பிரசங்கியார் அல்ல. பொன்னிலும் வெண்கலத்திலும் மரத்திலும் வேலை செய்யத் தெரிந்த கைவினைஞன்.

ஆக முதல் அழைப்பு கிறிஸ்துவிடம் வருவது. இன்ன இடத்தில், இன்ன வேலையில் அவருக்கு ஊழியம் செய் என்பது அதற்குள் வருகிற இரண்டாவது. முதலாவதைக் கேட்காமல் இரண்டாவதை மட்டும் தேடுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் ஒரு பதவிதான் என்று எனக்குப் படுவதுண்டு.

குரல் கேட்குமா? எனக்கு இதுவரை ஒன்றும் கேட்டதில்லை.

சாமுவேலுக்குக் கேட்டது. ஆனால் அந்த ராத்திரியை நாம் அவசரமாக வாசித்துவிடுகிறோம். விளக்கு இன்னும் அணையவில்லை. பையன் படுத்திருக்கிறான். பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம். எழுந்து ஓடுகிறான், ஆசாரியரான ஏலியிடம். “நான் கூப்பிடவில்லை, திரும்பிப் போய்ப் படு.” மறுபடியும் சத்தம், மறுபடியும் ஓட்டம். தேவன் பேசுகிற குரலும் தினமும் கேட்கிற கிழவரின் குரலும் அவனுக்கு ஒன்றாகவே கேட்டன. மூன்றாவது முறைதான் விஷயம் புரிகிறது. அதுவும் சாமுவேலுக்கு அல்ல, பார்வை மங்கிப்போன ஏலிக்கு. “கர்த்தாவே சொல்லும், அடியேன் கேட்கிறேன்” என்று சொல்லச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

அதற்குப் பிறகு வரும் ஒரு வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவன் விடியும்வரை படுத்திருந்து, காலையில் ஆலயத்தின் கதவுகளைத் திறந்தான். இஸ்ரவேலையே உலுக்கப்போகும் செய்தி மனதில் இருக்கிறது, அதை ஏலியிடம் சொல்லப் பயமாகவும் இருக்கிறது. ஆனாலும் கதவு திறக்கிற வேலை அவனுடையது. திறந்தான்.

குரலே கேட்காதவர்களும் உண்டு. பாரசீக ராஜாவின் அரண்மனையில் வேலை பார்த்த நெகேமியாவை எடுத்துக்கொள்ளுங்கள். தரிசனம் இல்லை, தேவதூதன் இல்லை. எருசலேமின் மதில் இடிந்து கிடக்கிறது என்று ஊரிலிருந்து வந்தவர்கள் சொல்லக் கேட்டான், உட்கார்ந்து அழுதான், உபவாசித்தான். கிஸ்லேவ் மாதம் கேட்ட செய்தி. ராஜாவிடம் வாய் திறந்தது நிசான் மாதம். நடுவில் ஏறக்குறைய நான்கு மாதம், அவன் பாட்டுக்கு ராஜாவுக்குத் திராட்சரசம் ஊற்றிக் கொடுத்துக்கொண்டு இருந்தான். பின்னால் அவன் சொன்னதெல்லாம், தேவன் என் மனதில் வைத்ததைச் செய்தேன் என்பதுதான். நம்மில் பெரும்பாலோருக்கு வருவது இந்த வகை.

மனதில் இருப்பது தேவன் வைத்ததா, என் சொந்த ஆசையா? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

ஆசை என்றாலே சந்தேகப்பட வேண்டியதில்லை. கண்காணிப்பை விரும்புகிறவன் நல்ல வேலையை விரும்புகிறான் என்று பவுலே தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். நமக்குப் பிடித்தது எதுவுமே தேவசித்தமாக இருக்காது என்ற எண்ணம் பக்திபோல் தெரியும். உண்மையில் அது தேவனைக் கடுமையான முதலாளியாக்கிவிடுகிறது.

பிரித்துப் பார்க்க ஒரு பழைய வழி இருக்கிறது. 1521இல் பாம்ப்லோனா சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார், பின்னாளில் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார். அப்போது அவர் துறவியல்ல, போர்வீரர். வீரதீரக் கதைகள் கேட்டார். வீட்டில் இருந்ததோ கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர்கள் வரலாறும்தான். சரி, பொழுது போகட்டும் என்று படித்தார். நடுநடுவே ஒரு சீமாட்டிக்காகத் தான் செய்யப்போகும் சாகசங்களை நினைத்து மணிக்கணக்கில் கனவு கண்டார். பிறகு புனிதர்களைப்போல் தானும் வாழ்ந்தால் என்ன என்று கனவு கண்டார். இரண்டும் காணும்போது இனிமையாகத்தான் இருந்தன. ஆனால் முதல் கனவு முடிந்ததும் மனம் வறண்டுபோனது. இரண்டாவது முடிந்த பிறகும் சந்தோஷம் தங்கியது. அந்த வித்தியாசத்தைக் கவனித்ததுதான் தொடக்கம். ‘தெளிந்து தேர்தல்’ என்று கத்தோலிக்கர் சொல்லும் பயிற்சி இதிலிருந்து வளர்ந்தது.

நினைக்கும்போது வரும் கிளர்ச்சியை விடுங்கள். அது அடங்கிய பிறகு மனதில் என்ன மிஞ்சுகிறது? அதைப் பாருங்கள். ஒருநாள் பார்த்தால் போதாது, பல மாதம் பார்க்க வேண்டும்.

இஞ்ஞாசியாரும் உடனே எல்லாம் சரியாகக் கண்டுபிடித்துவிடவில்லை. எருசலேமிலேயே தங்குவதுதான் தன் அழைப்பு என்று உறுதியாக நம்பி 1523இல் அங்கே போனார். அங்கே பொறுப்பில் இருந்த பிரான்சிஸ்கன் துறவியர் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்து, முப்பது வயதுக்கு மேல், சிறுவர்களோடு உட்கார்ந்து லத்தீன் இலக்கணம் படித்தார்.

ஒரு தேவையைப் பார்த்து மனம் உடைந்தால், அதுவே அழைப்பா?

சில நேரம் ஆம். ஐடா ஸ்கட்டர் மிஷனரிக் குடும்பத்துப் பெண். அந்த வாழ்க்கையே வேண்டாம் என்று இருந்தவர். உடல்நலமில்லாத அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் திண்டிவனம் வந்தார். ஒரே ராத்திரியில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியரும் பிரசவத்தில் துடித்துக்கொண்டிருந்தார்கள். மருத்துவரான ஐடாவின் அப்பா வரத் தயாராக இருந்தார். ஆண் வைத்தியர் வேண்டாம், நீங்கள் வாருங்கள் என்றார்கள் வந்தவர்கள். ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

கதையை இங்கேயே நிறுத்திவிடுகிற பிரசங்கங்கள் அதிகம். அடுத்தது சுவாரஸ்யம் குறைந்த பகுதி. அவர் கப்பலேறி அமெரிக்கா போய், வருடக்கணக்கில் படித்து, 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கி, அதற்கப்புறம்தான் திரும்பி வந்தார். வேலூரில் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். ஒரே ராத்திரியில் வந்த அழைப்புக்குப் பதில் சொல்ல அத்தனை பரீட்சைகள் எழுத வேண்டியிருந்தது.

சில நேரம் இல்லை என்றும் சொல்ல வேண்டும். உலகத்தின் எல்லாத் தேவையும் உங்கள் பெயருக்கு வந்த கடிதம் அல்ல. ஒரு துயரத்தைப் பார்த்து அழுதுவிட்டு, அடுத்த வாரம் வேறொன்றைப் பார்த்து அழுகிறவர் நல்ல மனசுக்காரர், அவ்வளவுதான். ஒரே பாரம் திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்தால், அது ஏன் என்று கேட்டுப் பாருங்கள்.

வேதத்தைக் கண்ணை மூடித் திறந்து வசனம் பார்க்கலாமா? ஓர் ஊழியக்காரர் எனக்குத் தீர்க்கதரிசனமும் சொல்லியிருக்கிறார்.

முதலாவதை விட்டுவிடுங்கள். பிடித்த வசனம் வரும்வரை மறுபடி மறுபடி திறக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆட்டுத்தோலில் மட்டும் பனி இறங்கட்டும் என்று கிதியோன் தேவனிடம் அடையாளம் கேட்டதை உதாரணம் காட்டுவார்கள். ஆனால் கிதியோனுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது அதற்கு முன்பே தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தது. தோல் அவன் பயத்தைக் காட்டுகிறது, தேவன் அதைப் பொறுத்துக்கொண்டார்.

தீர்க்கதரிசனம் பற்றி வேதம் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது: அற்பமாயெண்ணாதிருங்கள், எல்லாவற்றையும் சோதித்துப்பாருங்கள். அப்போஸ்தலர் 21இல் அகபு என்ற தீர்க்கதரிசி, பவுல் எருசலேமில் கட்டப்படுவார் என்றார். சொன்னது நடந்தது. “அப்படியானால் போகாதீர்கள்” என்று சுற்றியிருந்தவர்கள் அழுதார்கள். பவுல் போனார். சொல்லப்பட்டது ஒன்று, அதிலிருந்து மற்றவர்கள் எடுத்த முடிவு இன்னொன்று. உங்களிடம் தீர்க்கதரிசனம் சொன்னவர் தன் ஸ்தாபனத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தாரா என்பதையும் ஒருதடவை யோசியுங்கள். தப்பில்லை.

சபையில் இருப்பவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கர்த்தர் என்னிடம் சொல்லிவிட்டார், அப்புறம் மனிதரை ஏன் கேட்க வேண்டும்?

“கர்த்தர் என்னிடம் சொன்னார்” என்ற வாக்கியத்துக்கு ஒரு குணம் உண்டு. அதைச் சொன்னதும் எதிரே இருப்பவர் வாயடைத்துப் போவார். அதனாலேயே அதைக் கொஞ்சம் பத்திரமாகப் பயன்படுத்த வேண்டும். யாரும் கேள்வி கேட்க முடியாத அழைப்பை யாரும் திருத்தவும் முடியாது.

பவுலைவிடப் பெரிய தரிசனம் யாருக்கு வந்தது? தமஸ்கு வழியில் வெளிச்சம், குரல் எல்லாம். ஆனால் அவர் அரபியாவுக்குப் போனார், மூன்று வருஷம் கழித்து எருசலேமில் பதினைந்து நாள் பேதுருவோடு தங்கினார், பிறகு சொந்த ஊரான தர்சுவில் இருந்தார். பர்னபா தேடிப்போய் அந்தியோகியாவுக்கு அழைத்து வந்தார். அங்கே ஒரு வருஷம் சபையில் போதித்தார். அப்போஸ்தலர் 13இல் அந்தச் சபை உபவாசித்து, ஜெபித்து, கைகளை வைத்து அனுப்பிய பிறகுதான் நமக்குத் தெரிந்த மிஷனரிப் பயணங்கள் தொடங்குகின்றன. ஆவியானவர் பேசினது பவுலிடம் தனியாக அல்ல, கூடியிருந்தவர்களிடம்.

கத்தோலிக்கர்கள் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். துறவு சபையில் சேர்ந்தால் நவதுறவு என்ற பயிற்சிக்காலம் குறைந்தது பன்னிரண்டு மாதம். அதன்பின் கொடுக்கும் தற்காலிக வார்த்தைப்பாடு, அதாவது துறவு உறுதிமொழி, மூன்று வருடத்துக்குக் குறையக்கூடாது. குருவாக மெய்யியலும் இறையியலும் சேர்த்துக் குறைந்தது ஆறு வருடம் படிக்க வேண்டும். இவ்வளவும் முடித்தாலும் “எனக்குக் குருப்பட்டம் தந்தே ஆக வேண்டும்” என்று யாரும் உரிமை கோர முடியாது. அழைப்பு உண்மையானால் சோதனையைத் தாங்கும் என்ற நம்பிக்கை இதற்குப் பின்னால் இருக்கிறது.

சரி, சபையே தவறினால்? தவறும். ஆமோஸை “வேறெங்காவது போய்த் தீர்க்கதரிசனம் சொல்” என்று விரட்டியது பெத்தேலின் ஆசாரியன்தான். கிளாடிஸ் ஐல்வர்ட் என்ற ஆங்கிலேயப் பெண்ணை, சீன மொழி இவருக்கு வராது என்று மிஷன் நிராகரித்தது. அவர் வீட்டு வேலை செய்து ரயில் கட்டணம் சேர்த்துச் சீனாவுக்குப் போனார், மொழியும் கற்றார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் யாரையும் திட்டிக்கொண்டு போகவில்லை, பணத்தைச் சேர்த்துக்கொண்டு போனார். உங்களை மறுக்கிறவர்கள் உங்களை நன்றாகத் தெரிந்தவர்களா? அப்படியானால் காரணம் கேளுங்கள். “உனக்குக் கோபம் அதிகம், ஆட்களோடு ஒத்துப்போக மாட்டாய்” என்றால் அதில் விஷயம் இருக்கலாம்.

வீட்டில் எதிர்ப்பு. பெற்றோரையும் மனைவியையும் மீறிப் போகலாமா?

இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

பெற்றோர் விஷயத்தில் இயேசு இருபக்கமும் பேசியிருக்கிறார். தகப்பனை அடக்கம்பண்ணிவிட்டு வருகிறேன் என்றவனிடம் கடுமையாகப் பேசியவரும் அவர்தான். ‘கொர்பான்’ என்று சொல்லி, பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைத் தேவனுக்குக் காணிக்கையாக்கிவிட்டதாகத் தப்பித்துக்கொண்டவர்களைக் கண்டித்தவரும் அவர்தான். பெற்றோரின் கனவு கலைகிறது என்பது ஒன்று, அவர்கள் பட்டினி கிடப்பார்கள் என்பது வேறு. முதலாவதைப் பொறுமையாகப் பேசித் தீர்க்கலாம். இரண்டாவதற்கு வழி செய்யாமல் கிளம்பக் கூடாது.

கணவன் மனைவி விஷயம் அப்படி அல்ல. இதை நான் சொல்வதைவிட வில்லியம் கேரியின் வீட்டைப் பாருங்கள். செருப்புத் தைத்துப் பிழைத்தவர், மொழிகளை அள்ளிக் குடித்தவர். 1792இல் பாப்டிஸ்ட் மிஷன் சங்கம் தொடங்கக் காரணமானவர். அடுத்த வருடம் இந்தியாவுக்குக் கிளம்பினார். மனைவி டாரதி வரமாட்டேன் என்றார். வயிற்றில் பிள்ளை, கையில் சின்னக் குழந்தைகள். கேரி மூத்த மகனை மட்டும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பயணம் தடைப்பட்டது. அந்த இடைவெளியில் குழந்தை பிறந்திருந்தது. மறுபடி வற்புறுத்தினார்கள். தங்கையும் கூட வந்தால் வருகிறேன் என்று டாரதி கடைசியில் சம்மதித்தார். வங்காளத்துக்கு வந்த அடுத்த வருடமே ஐந்து வயது மகன் பீட்டர் நோயுற்று இறந்தான். டாரதியின் மனநிலை பிறழ்ந்தது, திரும்பவேயில்லை. 1807இல் இறந்தார். பக்கத்து அறையில் மனைவி கத்திக்கொண்டிருக்க, கேரி வேதத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்.

கேரியின் உழைப்பு பெரியது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவரைப் பற்றிப் பேசுகிற மேடைகளில் டாரதியின் பெயரும் சொல்லப்பட வேண்டும். திருமணமானவருக்கு வரும் அழைப்பு இரண்டு பேருக்கும் வர வேண்டும். ஒருவருக்கு மட்டும் வந்திருந்தால், இன்னும் நேரமாகவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

வேலையை உடனே விட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். மீனவர்கள் உடனே வலையை விட்டார்களே என்பீர்கள். யோவான் முதல் அதிகாரத்தின்படி அந்திரேயாவும் பேதுருவும் அவரை முன்பே சந்தித்திருந்தார்கள். முன்பின் தெரியாத ஆளின் பின்னால் அவர்கள் போகவில்லை. பவுல் கூடாரம் தைத்துச் சம்பாதித்துக்கொண்டே ஊழியம் செய்தார். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று இயேசு சொன்னது சீஷத்துவத்தைப் பற்றித்தான். கடன் இருந்தால் அடையுங்கள். வாரக்கடைசிகளில் அந்த வேலையைச் செய்து பாருங்கள். சிறைச்சாலை ஊழியம்தான் என் அழைப்பு என்கிறவர் ஒருமுறையாவது கைதி ஒருவரோடு பேசியிருக்க வேண்டாமா?

வேலையிடம் பிடிக்கவில்லை என்பதற்காக ஊழியத்துக்கு வருகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஊழியத்திலும் மேலதிகாரி உண்டு, அறிக்கை உண்டு, பிடிக்காத சகஊழியர் உண்டு.

எனக்குத் தகுதி இல்லை. வயதும் ஆகிவிட்டது.

மோசே எண்பது வயதில், திக்குவாய் என்று சொல்லி, “வேறு யாரையாவது அனுப்பும்” என்றுவரை பேசிப் பார்த்தார். எரேமியா சிறுபிள்ளை என்றார். இரண்டு சாக்கும் ஏற்கெனவே எடுபடவில்லை.

அழைப்பு என்று நம்பி வந்தேன். இப்போது உள்ளே ஒன்றுமே இல்லை. தவறாக வந்துவிட்டேனா?

வறட்சி என்பது தவறான பாதைக்கு அடையாளம் அல்ல. அன்னை தெரசா 1946 செப்டம்பர் 10 அன்று ரயிலில் போகும்போது, ஏழைகளிலும் ஏழைகளிடம் போ என்ற அழைப்பைப் பெற்றதாகச் சொன்னார். அனுமதி கிடைத்து மடத்தை விட்டு வெளியே வர 1948 ஆனது. அந்த வேலை வளர வளர அவருடைய ஜெபத்தில் இருள் சூழ்ந்தது, பல பத்தாண்டுகள் விலகவில்லை. 2007இல் அவருடைய கடிதங்கள் வெளியானபோதுதான் உலகத்துக்கே தெரிந்தது. மனம் வறண்ட காலத்தில், தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே என்பது இஞ்ஞாசியாரின் விதி. நல்ல விதி.

ஆனால் எல்லாவற்றையும் இதில் அடைக்க வேண்டாம். மாதக்கணக்கில் தூக்கம் வரவில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள், ஜெபமும் இருக்கட்டும். உங்கள் தலைவர் உங்களை அவமானப்படுத்துகிறார், அடிக்கிறார், தவறாகத் தொடுகிறார் என்றால் அது சிலுவை சுமப்பது அல்ல. வெளியே வந்து, நம்பிக்கையான ஒருவரிடமும் போலீஸிலும் சொல்லுங்கள். அந்த இடத்தை விடுவதும் அழைப்பை விடுவதும் ஒன்றல்ல.

நான் ஒருமுறை அழைப்பை விட்டு ஓடிவிட்டேன். மறுபடி வருமா?

எதிர்த்திசையில் கப்பலேறிய யோனாவைப் பற்றி, “இரண்டாந்தரம்” கர்த்தருடைய வார்த்தை அவனுக்கு உண்டானது என்று எழுதியிருக்கிறது. ஆனால் எனக்கு நெருக்கமானவன் மாற்கு. பவுலோடும் பர்னபாவோடும் கிளம்பி, பெர்கே ஊரிலிருந்து பாதியில் வீட்டுக்குத் திரும்பிவிட்டான். ஏன் என்று எங்கும் எழுதவில்லை. அடுத்த பயணத்துக்கு அவனைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் பவுலும் பர்னபாவும் சண்டை போட்டுப் பிரிந்தே போனார்கள். பர்னபா அவனை அழைத்துக்கொண்டு சீப்புருவுக்குக் கப்பலேறினார்.

நடுவில் பல வருடம். பிறகு சிறையிலிருந்து, சாவு பக்கத்தில் வந்துவிட்டது என்று தெரிந்த பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். துரோவாவில் விட்டுவந்த மேலங்கியையும் புஸ்தகங்களையும் எடுத்து வரச் சொல்கிறார். அதற்குச் சற்று முன்னால் இது இருக்கிறது: “மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்.”